சீரகப்பொடியை எப்போது போடுவது?

ரசம் கொதிக்கக் கொதிக்க மணக்கும் என்று அடுப்பை எரியவிடுகிறவர்கள் உண்டு. மணக்கும்தான், பக்கத்து வீட்டில்! சீரகத்தின் வாசம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. எளிதில் ஆவியாகிவிடும் எண்ணெய் அது. முழுசாக இருக்கும்வரை விதைக்குள் பத்திரம். பொடித்துவிட்டால் காற்றுபட்டே குறையும், கொதித்தால் இன்னும் வேகமாக. அதனால்தான் மிளகையும் சீரகத்தையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். கூட்டுக்குத் தேங்காயோடு அரைக்கும் சீரகத்தின் கதை வேறு. ஒரு கொதி வந்தால்தான் பச்சை வாசனை போகும். மோரில் போடுவதென்றால் வெறும் வாணலியில், சிறுதீயில் வறுத்துப் பொடியுங்கள். நிறம் லேசாக மாறியதுமே தட்டில் கொட்டிவிடவேண்டும், கருகினால் கசக்கும். மாதக்கணக்குக்கு அரைத்து டப்பாவில் அடைப்பது, என்னைக் கேட்டால், வீண்வேலை. வாரத்துக்கு ஒரு கைப்பிடி அரைத்தால் போதும்.