ஒரே காக்பிட், இரண்டு சம்பளம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விமானத்தைப் பத்தி சுவாரசியமா ஏதாவது பேசுங்க சார், பசங்க ஆசையா கேப்பாங்க" என்று சங்கச் செயலாளர் சொன்னார். மேகத்தையும் மின்னலையும் பற்றிப் பேசலாம்தான். ஆனால் பைலட் ஆக வேண்டும் என்ற ஆசையோடு இந்த ஹாலில் நாலு பேராவது உட்கார்ந்திருப்பீர்கள். அதற்காக உங்கள் அப்பா ஏதோ ஒரு சொத்தை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். அதனால் மின்னலை விட்டுவிட்டு, சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும், ஒரே விமானத்தை ஓட்டும் உள்ளூர் பைலட்டுக்கும் வெளிநாட்டுப் பைலட்டுக்கும் நம் நாட்டில் இருந்துவரும் வித்தியாசத்தைப் பற்றி.

நான் இந்தக் கல்லூரியில் பிஸிக்ஸ் முடித்துவிட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். சில வருஷம் பைலட்டுகள் சங்கத்தின் கமிட்டியிலும் இருந்தேன். வேலை பார்த்த இடங்களின் பெயர் இங்கே தேவையில்லை.

முதலில், வெளிநாட்டுப் பைலட்டுகள் ஏன் வந்தார்கள் என்று பார்ப்போம். 2003-ல் ஏர் டெக்கான் வந்தது. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், கிங்ஃபிஷர், கோஏர் என்று வரிசையாக வந்தன. 2006-ல் இண்டிகோ. பணம் இருந்தால் விமானத்தை வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ஆனால் கேப்டனைக் கடையில் வாங்க முடியாது. கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறந்தால் போதும். கேப்டனுக்கு வேண்டிய ஏர்லைன் லைசென்சுக்கு 1,500 மணி நேரம். அதற்கு மேல் கோ-பைலட்டாகப் பல வருஷ அனுபவம், சிமுலேட்டர் சோதனை, கமாண்ட் பயிற்சி எல்லாம் உண்டு. ஆகவே கம்பெனிகள் வெளியிலிருந்து ஆள் எடுத்தன. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., அவர்களுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தது. 'இந்தத் தேதிக்குள் இவர்களைக் குறைத்துவிட வேண்டும்' என்று கெடுவும் வைத்தது. கெடு வரும், நீட்டிக்கப்படும். மறுபடியும் வரும், மறுபடியும் நீட்டிக்கப்படும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2008-க்குப் பிறகு தொழில் மந்தமானபோது, கடன் வாங்கி லைசென்ஸ் எடுத்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்கள். கேப்டனுக்குப் பஞ்சம், கோ-பைலட்டுக்குக் கூட்டம். இரண்டும் ஒரே சமயத்தில்!

சரி, சம்பளச் சீட்டுக்கு வருவோம். ஒரு கணக்குக்காக இருவருக்குமே 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரருக்கு அந்த 100 ரூபாய் வரிக்கு முந்தைய தொகை. 30 சதவீத வரி போனால் கையில் 70. வெளிநாட்டுக்காரரின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 'வரி போக' என்று ஒரு சொல் இருக்கும். அவர் கைக்கு 100 வர வேண்டும் என்றால் கம்பெனி ஏறக்குறைய 143 ரூபாய் செலவழிக்க வேண்டும். பேப்பரில் இரண்டும் நூறுதான். கையில் எழுபதும் நூறும். இதற்கு மேல் ஓட்டல் அறை அல்லது வீட்டு வாடகை, ஊருக்குப் போய்வர டிக்கெட், சில வாரம் தொடர்ந்து பறந்தால் மொத்தமாகச் சில வாரம் லீவு, டாலரில் கணக்கு. ஆளை அனுப்பும் ஏஜென்ஸிக்குத் தனிக் கமிஷன்.

இதைக் கேட்டதும் உங்களுக்குக் கோபம் வரும். எங்களுக்கும் வந்தது. ஆனால் அவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கேப்டன் ஒருவரோடு நிறையப் பறந்திருக்கிறேன். தன் நாட்டில் அவர் வேலை பார்த்த ஏர்லைன்ஸ் திவாலாகி, ஐம்பது வயதுக்கு மேல் ஊர் ஊராக ஒப்பந்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓட்டலில் சாப்பிடும்போது சொன்னார்: "நீங்க என் சம்பளத்தைப் பாக்கறீங்க. நான் உங்களைப் பாக்கறேன். டியூட்டி முடிஞ்சா உங்க வீட்டுல போய் சாப்பிடறீங்க. என் பொண்ணு வளர்ந்ததை நான் போட்டோவுலதான் பாத்தேன்." ஒப்பந்தக்காரருக்குப் பெரும்பாலும் சீனியாரிட்டி கிடையாது, பதவி உயர்வு கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. மெடிக்கலில் தவறினால் ஒப்பந்தம் முடிந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது பல நாடுகளில் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் இவர்கள்தான். ஆகவே இது அந்த மனிதர் மேல் காட்ட வேண்டிய கோபம் அல்ல.

அப்படியானால் தப்பு எங்கே இருக்கிறது? ஒருமுறை பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பில் இருந்த ஒருவர் எங்களைக் கேட்டார்: "அவருக்கு ஏன் தர்றீங்கன்னு கேக்கறீங்களா? இல்ல, எங்களுக்கும் அதே வேணும்னு கேக்கறீங்களா?" நல்ல கேள்வி. எங்களுக்கு மும்பையில் வீடு இருக்கும்போது ஓட்டல் அறை எதற்கு? நாங்கள் கேட்டது இரண்டையும் அல்ல. சம்பளத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள் என்றுதான் கேட்டோம். விமானம் ஓட்டுவதற்கு எவ்வளவு, ஊரை விட்டு வந்ததற்கு எவ்வளவு? முதலாவது எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டாவது வந்தவருக்கு மட்டும் இருக்கட்டும்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த நியாயம் இல்லை. 2000-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இதையேதான் சொன்னது. மணிலாவில் ஒரு சர்வதேசப் பள்ளி. வெளிநாட்டிலிருந்து எடுத்த ஆசிரியர்களுக்கு வீடு, போக்குவரத்து, சாமான் அனுப்பும் செலவு, வரி, ஊருக்குப் போக விடுமுறைப் பயணம் எல்லாம் கொடுத்ததோடு, சம்பளத்திலும் 25 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். ஊரை விட்டு வருகிறார்கள், குறுகிய காலமே இருக்கிறார்கள் என்று பள்ளி காரணம் சொன்னது. அந்தக் கஷ்டங்களுக்குத்தான் தனிச் சலுகைகள் இருக்கின்றனவே, பிறகு அதே வேலைக்குச் சம்பளத்திலும் எதற்கு வித்தியாசம் என்று நீதிமன்றம் கேட்டது. பள்ளி தோற்றது.

நம் நாட்டிலும் 1982-ல், டெல்லி போலீசில் டிரைவராக இருந்த ரண்தீர் சிங் என்பவர் தொடுத்த வழக்கில், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது அரசுப் பணி. தனியார் கம்பெனியை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் நியாயம்தானே!

இந்த வித்தியாசத்துக்கு வயதும் அதிகம். 1924-ல் லீ கமிஷன், இந்தியாவில் உயர்பதவி வகித்த ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் கடல் கடந்து வந்ததற்கான கூடுதல் சம்பளத்தையும் கப்பல் பயணச் செலவையும் சிபாரிசு செய்தது. நம் தலைவர்கள் அன்றே அதை எதிர்த்தார்கள். கப்பல் போய் விமானம் வந்துவிட்டது. வாதம் மட்டும் மாறவில்லை.

"இதெல்லாம் மார்க்கெட் விலைங்க" என்று சிலர் சொல்வார்கள். அதையும் பார்ப்போம். 2017-ல் டி.ஜி.சி.ஏ. ஒரு விதி கொண்டுவந்தது. கேப்டன் வேலையை விட்டுப் போக ஒரு வருஷம் நோட்டீஸ் தர வேண்டும். கோ-பைலட் ஆறு மாதம் தர வேண்டும். திடீரென்று ஆட்கள் போய்விட்டால் பயணிகள் அவதிப்படுவார்கள் என்பது காரணம். அது உண்மைதான். இதோடு பயிற்சிக்காகக் கையெழுத்துப் போட்ட பாண்ட் வேறு இருக்கும். ஒரு வருஷம் காத்திருக்க எந்தப் புதுக் கம்பெனி தயாராக இருக்கும்? ஒருவர் காலைக் கட்டிவிட்டு, 'ஓடத் தெரியாதவனுக்கு இதுதான் விலை' என்றால் அது சந்தையா?

இன்னொன்று. இங்கே இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளின் வேலைநிறுத்தத்தின்போது, வெளிநாட்டு விமானங்களை ஊழியர்களோடு சேர்த்து வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். அப்படி உஸ்பெகிஸ்தானிலிருந்து வந்த ஒரு விமானம் 1993 ஜனவரி 9-ம் தேதி டெல்லியில் இறங்கும்போது விபத்துக்குள்ளானது. நல்லவேளையாக எல்லோரும் உயிர் தப்பினார்கள். வெளியிலிருந்து வரும் ஆள் பற்றாக்குறைக்கு மட்டும் வருவதில்லை, சில சமயம் உள்ளே இருப்பவர்களின் பேரபலத்தைக் குறைக்கவும் வரவழைக்கப்படுகிறார் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரே கம்பெனிக்குள் இரண்டு சம்பளம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் 2007-ல் இணைந்தன. நாலு வருஷம் கழித்து, 2011-ல், பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே இரண்டு பக்கமும் இந்தியர்கள்தான்! காக்பிட்டில் இருப்பது இரண்டே பேர். கேப்டன் தவறினால் கோ-பைலட் வாய் திறந்து சொல்ல வேண்டும். மனக்கசப்போடு உட்கார்ந்திருப்பவர் ஒரு வினாடி தயங்கினாலும் ஆபத்து. ஆகவே இது பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிரச்சினையும்தான்.

தம்பி, தங்கைகளே, இப்போது உங்களுக்கு. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதைப் பார்த்து உடனே கடனுக்கு ஓடாதீர்கள். லைசென்சும், ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங்கும் சேர்ந்து 50 லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். அந்தப் பணத்தைப் போடுவது கம்பெனி அல்ல, உங்கள் குடும்பம். போவதென்றால் போங்கள், நல்ல தொழில். ஆனால் கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயம் கேளுங்கள். சொல்லும் தொகை வரிக்கு முன்னா, பின்னா? மாதம் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் நிச்சயம்? பாண்ட் எத்தனை வருஷம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? கேப்டன் ஆக எது அளவுகோல், அது எழுத்தில் இருக்கிறதா?

நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது விமானத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. சாஃப்ட்வேர், ஆலை, மருத்துவமனை எங்கும் வரலாம். வெளியிலிருந்து ஆள் வேண்டுமானால் தாராளமாக எடுங்கள். அவருடைய வீட்டுக்கும் டிக்கெட்டுக்கும் தனியாகக் கொடுங்கள், தயங்க வேண்டாம். வேலைக்கான சம்பளத்தை ஒன்றாக வையுங்கள். அவர் போகும் தேதியையும், அவர் இடத்தில் உட்காரத் தயாராகும் உள்ளூர்க்காரரின் பெயரையும் அன்றே ஒரே தாளில் எழுதிவையுங்கள். அந்தத் தாள் இருந்திருந்தால் கெடுவை அத்தனை தடவை நீட்டியிருக்க வேண்டாம்.