கழுத்தில் தொங்கிய மரத்துண்டு
(பொன்விழாவை ஒட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வீடு மந்திரிக்கச் செல்லும்போது இளம் தாய்மார் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சாமி, பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருக்கிறோம். வீட்டிலும் தமிழை நிறுத்திவிடலாமா? இரண்டும் சேர்ந்தால் குழம்பிவிடும் என்கிறார்களே?" கேட்கிற தாய்க்குப் பின்னால், பேரனிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பாட்டி நின்றுகொண்டிருப்பார்.

இதற்கு விடையாக வேல்ஸ் நாட்டுக் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் தாய்மொழியாகிய வெல்ஷ் பேசும் பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து யாராவது வெல்ஷ் பேசினால், அது அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. 1858-இல் பிறந்த ஓவன் எம். எட்வர்ட்ஸ் என்ற சிறுவனும் அதைச் சுமந்தவன். தனக்கு இளைத்தவனை ஒட்டுக்கேட்டு அவன்மேல் அதைத் தள்ளிவிடப் பழக்குவது பிள்ளையின் குணத்தையே கெடுக்கும் என்று பின்னாளில் அவர் எழுதினார். அந்தச் சிறுவனே ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகி, 1907-இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராகவும் ஆனார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. நாம் படித்த விடுதியிலும் அப்படி ஒரு கட்டை இருந்தது. தமிழ் பேசினால் கைக்கு வரும். ஒருநாள் இரவு ஜெபத்துக்கு முன், கிராமத்திலிருந்து புதிதாய் வந்த ஒரு சிறுவனிடம் வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தோம். அவன் "தண்ணி எங்க இருக்கு?" என்றான். கட்டையை அவனிடம் தந்துவிட்டு நிம்மதியாய்த் தூங்கினோம். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. காரணம் வேறாகவும் இருந்திருக்கலாம்.

எட்வர்ட்ஸின் மகன் இவான் 1922-இல் வெல்ஷ் இளைஞர் இயக்கமொன்றைத் தொடங்கினார். 1939-இல் போர் மூண்டது. இங்கிலாந்து நகரங்களிலிருந்து பிள்ளைகள் அபரிஸ்ட்வித் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளூர்ப் பள்ளியில் ஆங்கிலமே ஓங்கும் நிலை வந்தது. தம் மகன் ஓவன் வெல்ஷை இழந்துவிடுவானோ என்று இவான் அஞ்சினார். அஞ்சியதோடு நிற்காமல், அவ்வாண்டு செப்டம்பரிலேயே வெல்ஷ் வழிப் பள்ளி ஒன்றைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் எத்தனை பேர்? வெறும் 7 பேர்! சம்பளம் கட்டிப் படிக்கவேண்டிய தனியார் பள்ளி அது. நம் கோயில் பூசைச் சிறுவர்களே அதைவிட அதிகம்.

அந்த எழுவருக்கும் ஆசிரியை நோரா ஐசக், அப்போது இருபதுகளில் இருந்த பெண். பத்தாண்டுகள் அப்பள்ளியை நடத்தினார். பின்னர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் பணியாற்றி, அங்கிருந்து வெல்ஷ் வழி ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். 2003-இல் மறைந்தார். ஒரு பள்ளியைத் திறப்பது எளிது. அதற்கு ஆசிரியர்களை ஆண்டுதோறும் உருவாக்குவதுதான் பாடு என்பது ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிற நமக்குத் தெரியாததல்ல. 1947-இல் லனெத்லி ஊரில் அரசுச் செலவிலேயே அத்தகைய பள்ளி வந்தது.

ஆங்கிலம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எழுவரில் ஒருவனான ஓவன் 1974-இல் வேல்ஸ் பி.பி.சி.யின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய வெல்ஷ் தொலைக்காட்சிக்கும் அவரே முதல் இயக்குநர். இரு மொழியிலும் பிழைத்தவர்தானே!

பிள்ளை ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலந்து பேசினால் அது குழப்பமன்று; கையில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. பிரெஞ்சு அறிஞர் ரோன்ழா தம் மகனிடம் தாம் பிரெஞ்சிலும், மனைவி ஜெர்மனிலும் பேசி வளர்த்து, அதை 1913-இலேயே நூலாக்கினார். இரண்டும் காதில் நிறைய விழவேண்டும், அதுதான் தேவை. ஆங்கிலம் பள்ளியில் விழுகிறது. தமிழ் எங்கே விழும்?

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிடவும் முடியாது. 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் நூற்றுக்கு 18 பேருக்கும் குறைவே. பள்ளியில் கற்ற பிள்ளைகளுள் பலர் வீட்டில் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

ஆகவே, அந்தத் தாய்மாருக்கு நாம் சொல்வது: இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் பாட்டியைப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவையுங்கள்.