நாக்குக்கு ஏது சாதி?

(பரமத்தி வேலூர்க் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச வந்த விஷயம் அற்பமாகத் தோன்றலாம். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவருடைய பிள்ளை “இஸ்கூலு” என்றால், படித்தவர்கள் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பைப் பற்றியே பேசப்போகிறோம்.

நாமும் அந்தச் சிரிப்புக்கு ஆளானவர்கள்தான். சிறு வயதில் ஓர் ஆபீசில் போய் “இஸ்டாம்பு” கேட்டோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், நாலு பேர் கேட்கும்படி அதையே மறுபடியும் சொல்லச் சொல்லிச் சிரித்தார். வெட்கத்தில் வந்த காரியத்தை விட்டுவிட்டு வீடு திரும்பினோம். இப்படி எத்தனை பேர் வாயடைத்துப் போயிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, இதில் குற்றம் என்ன? தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தோடு தொடங்குவதில்லை. ஆகவே, பிறந்தது முதல் தமிழே பேசிய நாக்கு, “ஸ்கூல்” என்பதற்கு முன்னால் ஓர் இகரத்தை வைத்துக் கொள்கிறது. அதுபோலவே தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. “நாடு”, “காசு”, “பாக்கு” என்று உகரத்தில்தான் முடியும். அந்தப் பழக்கத்தால்தான் “டிக்கெட்டு”, “பேங்கு” என்கிறோம். இது அறியாமையல்ல, நாக்கின் ஒழுங்கு.

இதைச் சற்றேறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன்னமே நன்னூல் செய்த பவணந்தியார் கண்டு எழுதியிருக்கிறார். வடசொல் தமிழில் வரும்போது, ரகரத்துக்கு முன் அ, இ, உ என்பவையும், லகரத்துக்கு முன் இ, உ என்பவையும் வரும் என்கிறார். அரங்கம், இராமன், உரோமம், இலாபம், உலோகம் எல்லாம் அப்படி வந்தவைதான். “பத்மம்” பதுமமாவதும், “ரத்னம்” இரத்தினமாவதும் அதே வேலைதான்.

இப்போது நியாயத்தைப் பாருங்கள். பண்டிதர் “இராமன்” என்றால் இலக்கணம். பண்ணையாள் “இஸ்கூலு” என்றால் இழிவா? “இரயில்”, “இரப்பர்” என்று இகரம் போட்டு எழுதும் உபாத்தியாயரே பிள்ளையின் இகரத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா? சிரிப்பவர் எழுதும் “பிரேக்”, “கிளாஸ்” என்பவற்றிலும் இகரம் இல்லையா? ஆகவே, சிரிப்பு எழுத்துக்காக அல்ல, ஆளுக்காகவே என்பது விளங்கவில்லையா?

வெள்ளைக்கார நாடுகளிலும் இதே கதைதான். லத்தீன் பாஷையின் “ஸ்கோலா” என்ற சொல்லை ஸ்பெயின் தேசத்தார் முன்னால் எகரம் சேர்த்து “எஸ்குவேலா” ஆக்கிக் கொண்டார்கள். துருக்கியர் ஸ்டேஷனை “இஸ்தஸ்யோன்” என்கிறார்கள். இவ்வளவு ஏன்? இடியைக் குறிக்கும் “தண்டர்” என்ற இங்கிலீஷ் சொல்லில் உள்ள டகரம் பழைய இங்கிலீஷில் கிடையாது. நாக்கு னகரத்திலிருந்து ரகரத்துக்குப் போகிற வழியில் அது தானாகப் பிறந்தது. அதற்காக இங்கிலீஷ்காரனைப் பார்த்து யாராவது சிரித்ததுண்டா?

நிற்க. நன்னூலில் இருப்பதால் இதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நூலும் மாறக்கூடியதுதான். “சட்டி” என்பதுபோல் சகரத்தில் ஒரு சொல் தொடங்காது என்றது தொல்காப்பியம். இன்று சட்டியில்லாத அடுப்படி ஏது? ஜனங்கள் பேசியதைத்தான் இலக்கணம் எழுதிற்றே ஒழிய, இலக்கணத்தைக் கேட்டு ஜனங்கள் பேசவில்லை.

ஆதலால் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசும்போது “ஸ்கூல்” என்றே சொல்லப் பழகட்டும். அது உத்தியோகத்துக்கு உதவும். அதற்கு வேண்டியது பயிற்சி, பரிகாசமல்ல. இங்குள்ள உபாத்தியாயர்கள் திருத்துங்கள், சிரிக்காதீர்கள். தோழர்களே! எந்த ஆபீசில் யார் சிரித்தாலும் நாம் செய்தது போலத் திரும்பி வராதீர்கள். “இஸ்டாம்பு” என்றே இன்னொரு தரம் உரக்கக் கேளுங்கள். வாங்கிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.