கணக்கில் சேரி எங்கே?

(இளைஞர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளம், புயல், கடும் வெயில் ஆகியவற்றிலிருந்து மக்களைக் காக்க அரசுகள் போடும் திட்டங்களைக் காலநிலைத் தகவமைப்புத் திட்டங்கள் என்கிறோம். அவை வேலை செய்தனவா என்று யார் பார்க்கிறார்கள்? எதை வைத்துப் பார்க்கிறார்கள்? இன்று இந்த இரண்டு கேள்விகளைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கரியமில வாயுவை டன் கணக்கில் அளந்துவிடலாம். தகவமைப்புக்கு அப்படி உலகப் பொது அலகு கிடையாது. அதனால் அரசுகள் எண்ணுவதற்கு எளிதானதை எண்ணுகின்றன. செலவான தொகை, கட்டிய சுவர், நடத்திய பயிற்சி முகாம். சுவர் கட்டிய பிறகு தண்ணீர் யார் வீட்டுக்குள் போனது என்பது அந்தப் பட்டியலில் வராது.

பிரிட்டனில் 2008இல் காலநிலைச் சட்டம் வந்தது. அரசைச் சாராத குழு ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். 2023 அறிக்கை இங்கிலாந்தின் 45 இலக்குகளை ஆராய்ந்தது. செயல்பாட்டில் போதிய முன்னேற்றம் ஒன்றில்கூட இல்லை என்று சொன்னது. அங்கும் வேலை நடக்கவில்லைதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு சட்டம் இருக்கிறது.

இந்தியாவும் அதே 2008இல் எட்டு இயக்கங்கள் கொண்ட தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. மாநிலத் திட்டங்களும் வந்தன. அவற்றைத் தனித்து நின்று மதிப்பிட்டு நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்லும் காலநிலைச் சட்டம் நம்மிடம் இல்லை.

இதன் விளைவைச் சென்னையில் பாருங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். கோப்பில் அது வெள்ளப் பாதுகாப்பு. ஆனால் பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி. மழை வந்தால் அங்கும் தண்ணீர் நிற்கிறது. வீட்டுவேலைக்குப் போன அக்காவுக்கு வேலை போனது, பிள்ளைக்குப் பள்ளி போனது. இவற்றை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே போகிறது. ஆக்கிரமிப்பு என்ற சொல் மட்டும் குடிசைக்கு.

2004 சுனாமியின்போது நிவாரண முகாம்களிலேயே தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு, 2015இல் உலக நாடுகள் ஏற்ற செண்டாய் பேரிடர் உடன்பாடு பாலினம், வயது, மாற்றுத்திறன் வாரியாகத் தரவு கேட்கிறது. சாதி அதில் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராத இடத்தில் ‘பாகுபாடு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

2030க்குள் எல்லா நாடுகளும் தகவமைப்பைக் கண்காணித்து மதிப்பிடும் அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023 துபாய் மாநாடு இலக்கு வைத்தது. எதை அளப்பது என்று முடிவாகும் காலம் இது. நாம் மூன்று கேட்போம். இழப்பும் உதவியும் சாதி வாரியாகப் பதிவாக வேண்டும். இடம் மாற்றப்பட்ட குடும்பங்களின் வருமானத்தையும் கல்வியையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமை தந்ததே, அதுபோல பாதிக்கப்பட்டவர்களே கணக்குக் கேட்கும் உரிமை வேண்டும்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊர்த் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் சேரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குவோம்.