கைமாற்று



மலையக ஆய்வு பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டு, அதை நடத்தும் முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்ட மாணவர்கள் என் வீட்டுக்கு வந்தபோது, கூட்டத்தைக் கண்டியிலோ கொழும்பிலோ வைக்காமல் ஏன் நோர்வூட்டில் வைக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். “எங்க பாட்டிக்குக் கண்டி வரைக்கும் பஸ்ஸுல வர ஏலாது சேர்” என்றார் அவர்களுடைய சங்கத்தின் செயலாளர். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் பொருளாளர் தங்கை ஒரு கொப்பியைக் காட்டினார். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, சோற்றுப் பார்சல், போட்டோக் கொப்பி என்று ஒவ்வொரு ரசீதும் பசை போட்டு ஒட்டப்பட்டு, பக்கத்தில் திகதியும் கையெழுத்தும் இருந்தன. கட்டுரைச் சுருக்கங்களை வாசித்துத் தேர்ந்ததும் மாணவர்கள், திருத்தம் கேட்டு எழுதியதும் மாணவர்கள். இரவு வாடகை வேனில் கதிரைகளை ஏற்றி இறக்கியதும் அவர்களே. பேராசிரியர்கள் விருந்தாளிகளாக வந்திருக்கிறார்கள். நம் நாட்டில் இது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. அதனால்தான் இன்று மலையக ஆய்வைப் பற்றிப் பேசுவதைவிட, அதை மாணவர்கள் நடத்துவது பற்றியே கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

தூரத்து உதாரணம் ஒன்று. தாய்வான் என்ற தீவை நம் எல்லோருக்கும் தெரியும். அங்கே 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம். பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழி பேசிய பிள்ளைக்குத் தண்டப்பணம், சில இடங்களில் கழுத்தில் அட்டை. அந்தத் தீவின் வரலாற்றையும் மொழிகளையும் படிக்க வேண்டுமென்றால் சீனவியல் என்ற பெரிய வீட்டின் பின்கட்டில் ஒரு மூலைதான் கிடைத்தது. இராணுவச் சட்டம் போன ஏழாவது வருடம், 1994இல், வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பட்டப்பின் படிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வட அமெரிக்கத் தாய்வான் ஆய்வுச் சங்கத்தை அமைத்தார்கள். அன்று தொட்டு மாணவர்களே அதை நடத்திவருகிறார்கள், ஆண்டு மாநாடு உட்பட. இதில் என்னைச் சிந்திக்க வைப்பது ஒரு கேள்விதான்: இது எப்படி நிலைத்தது? பட்டம் முடிந்ததும் மாணவர் போய்விடுவார். தலைவர் போவார், செயலாளர் போவார், பொருளாளரும் போவார். நான்கைந்து வருடத்தில் முழு வீடும் ஆள் மாறிவிடும். அப்படியிருந்தும் அந்தச் சங்கம் முப்பது வருடத்தைத் தாண்டி நிற்கிறது. போகிறவர் வருகிறவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால்தான் அது நடக்கும்.

நம்முடைய நிலை என்ன? நாம் இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில் இருக்கிறோம். ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாறு என்று எடுத்தால் மலையகம் கடைசி அத்தியாயம். இந்தியாவிலிருந்து கடல் கடந்து போன தொழிலாளர் வரலாறு என்று எடுத்தால் மொரீசியசுக்கும் மலாயாவுக்கும் பிறகு ஒரு பந்தி. 1911 குடிசன மதிப்பீட்டில் நம்மை ‘இந்தியத் தமிழர்’ என்று தனியாக எண்ணினார்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை நாமே நமக்குச் சூட்டிக்கொள்ள எத்தனை வருடம் பிடித்தது என்பதே ஒரு கலாநிதிப் பட்டத்துக்குப் போதுமான பொருள்.

மாணவர் சங்கம் தமிழ் உலகத்துக்குப் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ இதழ் மாணவர் கையில்தான் வளர்ந்தது. பிற்காலத்தில் பெயர் சொல்லும் எழுத்தாளர்கள் பலர் அங்கே கைப்பழக்கம் எடுத்தவர்கள். அதே பேராதனையில் கற்பித்த தனிநாயகம் அடிகள் 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையக் காரணமானார். அதன் மாநாடுகள் 1966இல் கோலாலம்பூரிலும் 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தன. அந்த மேடைகள் பெரியவை, பேராசிரியர்களுக்கும் அரசாங்கங்களுக்கும் உரியவை. தோட்டத்துப் பிள்ளை அங்கே போய்க் கட்டுரை வாசிக்க, முதலில் தோட்டப் பள்ளிக்கூடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒரே கட்டடம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிகிற படிப்பு. 1970களில் அரசாங்கம் பொறுப்பெடுக்கும்வரை பெரும்பாலான தோட்டங்களில் அதுதான் நிலை.

அதனால் மலையக ஆய்வு பல்கலைக்கழகத்துக்கு வெளியே பிறந்தது. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் போய் நாட்டார் பாடல்களைச் சேர்த்தார். அவை பிற்பாடு நூலாகவும் வந்தன. தொழிலாளருக்காகப் பத்திரிகையும், ஹட்டனில் சங்கமும் நடத்திய கோ. நடேசய்யர் 1947இல் மறைந்தார். அவரைப் பற்றிய சாரல்நாடனின் நூல் 1988இல்தான் வந்தது. சாரல்நாடன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சம்பள நாளுக்கும் லீவு நாளுக்கும் நடுவில் நடேசய்யரின் பழைய ‘தேசபக்தன்’ இதழ்களைத் தேடி அலைந்த மனிதர். மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதிய தெளிவத்தை ஜோசப்புக்கும் பல்கலைக்கழகக் கதிரை கிடையாது. இவர்கள் ஒவ்வொருவரும் தனியாள். வீட்டு அலுமாரிதான் ஆவணக்காப்பகம். கண்ணை மூடிய பிறகு அந்த அலுமாரிக்கு என்ன ஆகும் என்ற கவலை எல்லோருக்கும் இருந்திருக்கும்.

இங்கே நான் என் குறையையும் சொல்லியாக வேண்டும். 1980களில் இளம் ஆசிரியனாக இருந்தபோது இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பாட்டியிடம் ஒப்பாரியும் தாலாட்டும் ஒலிப்பதிவு செய்தேன். லயத்துக் காம்பராவின் வாசலில், ஈர விறகுப் புகைக்கு நடுவில் உட்கார்ந்து பாடினார். பாட்டுக்கு நடுவில் இருமல் வரும். வெற்றிலையைத் துப்பிவிட்டு விட்ட அடியிலிருந்தே பிடிப்பார். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிப் போன ஒப்பாரிக் கோச்சியில் தலைமன்னாருக்குப் போன தன் தங்கச்சியைப் பற்றி ஒரு பாட்டு. பாடி முடித்தபோது அழவில்லை. எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். பிறகு எனக்கு இடமாற்றம் வந்தது. கேசட்டை ஒரு தகரப் பெட்டியில் வைத்தேன். பெயர் எழுதவில்லை, படியெடுக்கவில்லை, யாரிடமும் கொடுக்கவில்லை. சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: “எம் பாட்டெல்லாம் எங்க தம்பி கொண்டு போய் வச்ச?” வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். நாடா முழுக்கப் பூஞ்சணம். அந்தப் பாட்டில் இன்று எனக்கு நினைவிருப்பது இரண்டு அடிதான். அதுவும் சரியான அடிதானா என்று கேட்க அவர் இல்லை.

நம் ஊரில் கைமாற்று என்று ஒன்று உண்டு. சம்பளத்துக்கு முந்தின வாரம் பக்கத்துக் காம்பராவில் ஒரு சுண்டு அரிசியோ நூறு ரூபாயோ வாங்குவோம். எழுத்து இல்லை, வட்டி இல்லை, ஆனால் திருப்பிக் கொடுக்காவிட்டால் மறுபடி அந்த வாசலை மிதிக்க முடியாது. அந்தப் பாட்டி எனக்குக் கொடுத்தது கைமாற்று. நான் திருப்பவில்லை.

காகிதங்களின் கதையும் இப்படித்தான். தோட்டங்கள் கம்பெனிகளிடமிருந்து 1970களில் அரசுக்குப் போயின, 1992இல் மறுபடி தனியார் நிர்வாகத்துக்கு வந்தன. ஒரு தோட்டத்தில் ஆபிசுக்குப் பின்னால் தொழிலாளரின் வேலைநாள் பதியும் பழைய செக்ரோல் புத்தகங்கள் குவித்து எரிக்கப்படுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு நாள் வேலைக்கான பேரும் அரைநாளுக்கான அரைப்பேரும், பெற்ற முற்பணமும், இறந்தவர் பெயருக்கு நேரே இழுத்த சிவப்புக் கோடும் சாம்பலாகப் போயின. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும், நாமும் குடும்பத்தோடு போய்ப் பார்ப்போம். எரிந்த செக்ரோல் எந்தக் கோடையிலும் திரும்பி வராது.

மிச்சம் இருக்கிற காகிதத்தில் பாதி கடலுக்கு அப்பால். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நாடற்ற நம்மவரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை, மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தங்கச்சி அங்கே. நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கும் நம் ஹட்டன் பேச்சு கேட்கும். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஒரு தலைமுறையையே எழுப்பிவிட்ட இர. சிவலிங்கம் அவர்களும் பிறகு அங்கே போய்த் தாயகம் திரும்பியோருக்காகத்தான் உழைத்தார். மண்டபம் முகாம் வழியாகப் போனவர்களின் குடும்ப அட்டை கூடலூரிலும் கோத்தகிரியிலும் டிரங்குப் பெட்டிகளில் இருக்கும். அந்தக் குடும்பத்தின் மற்றப் பாதிக்கான பத்திரம் இங்கே பொகவந்தலாவையில் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்க ஒரு பல்கலைக்கழகத் திணைக்களம் முன்வருமா, தெரியவில்லை. அங்கும் இங்கும் படிக்கிற இரண்டு மாணவர்கள் நினைத்தால் ஒரே விடுமுறையில் தொடங்கலாம்.

ஆகவே தம்பி தங்கைகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் நல்ல நூல்கள் வந்திருக்கின்றன. வலன்ரைன் டானியல் எழுதியிருக்கிறார், பற்றிக் பீபிள்ஸ் எழுதியிருக்கிறார், மைத்ரி ஜெகதீசன் எழுதியிருக்கிறார். அவற்றின் பொருள் லயத்துக்கு வர வழியில்லை. உங்கள் ஆய்வேட்டையும் அந்த வரிசையில் விட்டுவிடாதீர்கள். எந்தத் தோட்டத்தில் தகவல் எடுத்தீர்களோ, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்று இருக்கட்டும். பாடியவர் குரலின் ஒரு படி அவர் பேத்தியின் கைப்பேசியில் இருக்கட்டும். யாரிடம் கேட்டீர்கள், எந்த லயத்தில், எந்த மாதத்தில் என்று அன்றிரவே எழுதிவிடுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

சங்கத்துக்கும் அதே ஒழுங்கு வேண்டும். பொருளாளர் தங்கை காட்டிய அந்தக் கொப்பி எனக்கு இன்றைய கட்டுரைகள் எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. அடுத்த வருடம் நீங்கள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் நியமனத்திலோ வெளிநாட்டிலோ இருப்பீர்கள். அந்தக் கொப்பி, கட்டுரையாளர் முகவரி, ஒலிப்பதிவு, யார் எதற்கு மறுத்தார் என்ற குறிப்பு எல்லாம் ஒரே பெட்டியில் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். புதிய செயற்குழுவை நாளை மாலை கூட்டம் கலைவதற்கு முன்னால், இந்த மண்டபத்திலேயே, எல்லோர் கண்முன்னாலும் தெரிவு செய்யுங்கள் என்று கேட்டிருக்கிறேன். முதலாம் ஆண்டு முதுமாணி மாணவர் மூவரையாவது அதில் சேருங்கள். அவர்களுக்கு அனுபவம் இல்லை என்று யாராவது சொல்வார்கள். அனுபவம் கதிரை தூக்கும்போது வரும்.

நிகழ்ச்சி நிரலில் ஒரு சின்ன மாற்றம். முதல் கட்டுரை கொழுந்துப் பாடல்களைப் பற்றியது. அதற்குப் பாடல் கொடுத்த மூன்று பாட்டிமார் அதோ மூன்றாவது வரிசையில், சுவரோரமாக இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசைக்குக் கூட்டி வாருங்கள். கட்டுரை வாசிப்பவர் பிழையாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்தலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ஒலிவாங்கியை அவர்கள் பக்கம் வையுங்கள். வயர் எட்டாவிட்டால் மேசையைத் தள்ளிப் போடுவோம்.