பல் பிரிட்ஜும் இரண்டு ஜாமீன்தாரர்களும்

(நம் நலச்சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் வாயில் ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. அதைக் கட்டுவதற்கு முன் மூன்று பல் டாக்டர்களைக் கேள்வி கேட்டே தொல்லை செய்தவன். அந்த ஒரு தகுதியில்தான் பேசுகிறேன்.

நம் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. பல் வலித்தால் பிடுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். வலி போனதும் ஓட்டை மறந்துவிடும். ஆனால் அந்த இடம் சும்மா இருப்பதில்லை. பக்கத்துப் பற்கள் மெல்லச் சாயும், எதிர்ப்பக்கத்துப் பல் ஓட்டையை நோக்கி இறங்கும். சில வருடம் கழித்துப் போனால், முதலில் இறங்கிய பல்லைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் புதுப்பல். செலவு இரட்டிப்பு. பல் எடுத்த இரண்டு மூன்று மாதத்தில் ஈறும் எலும்பும் ஓரளவு ஆறிவிடும். அப்போதே போய்க் காட்டுங்கள்.

பிரிட்ஜ் என்றால் என்ன? எங்கள் வங்கி பாஷையில் சொல்கிறேன். கடன் வாங்கியவரால் சொந்தக் காலில் நிற்க முடியாது, இரண்டு பேர் ஜாமீன் போடுகிறார்கள். இல்லாத பல்லுக்கு வேர் கிடையாது. இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ராவி, மேலே கேப் போட்டு, நடுவில் பொய்ப்பல்லைச் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டிவிடுகிறார்கள். நாம் கடிக்கிற முறுக்கின் பாரம் முழுவதும் அந்த இரண்டு ஜாமீன்தாரர்கள் தலையில்.

அதனால் ஜாமீன்தாரரின் சொத்து மதிப்பைப் பார்க்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பல் மருத்துவத்தில் இதற்கு ஒரு பழைய கணக்கே உண்டு. 1926-இல் ஆன்டே என்பவர் சொன்னது: தாங்குகிற பற்களின் வேர்ப் பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப் பரப்புக்குக் குறையக் கூடாது. இன்று அதை அப்படியே வேதவாக்காக யாரும் எடுப்பதில்லை. ஆனாலும் ஈறு தளர்ந்து ஆடுகிற பல்லை நம்பி பிரிட்ஜ் கட்டினால் மூன்றும் சேர்ந்து போகும் என்பது நமக்கே புரிகிறதே. எக்ஸ்ரே எடுக்காமல் பிரிட்ஜ் பேசுகிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, ராவிய பல் திரும்ப வளராது. சில சமயம் ராவிய பல்லுக்குப் பின்னால் வேர் சிகிச்சையும் தேவைப்படலாம். எனக்கு இரண்டு பக்கமும் ஏற்கெனவே பெரிதாக அடைத்த பற்கள், எப்படியும் கேப் போட வேண்டியவை. அதனால் பிரிட்ஜ் லாபம். உங்களுக்கு இரண்டு பக்கமும் சொத்தையே இல்லாத நல்ல பற்கள் என்றால், “இதை ராவாமல் வேறு வழி உண்டா டாக்டர்?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இம்ப்ளான்ட் உண்டு. எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அது எலும்போடு சேரச் சில மாதம் காத்திருந்து, மேலே பல் வைப்பது. செலவு அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் தோற்கிற வாய்ப்பு கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கையில் பணம் இல்லையா, கழற்றி மாட்டும் பல் இருக்கிறது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போயிருந்தால், சும்மா விட்டுவிடலாம் என்று டாக்டரே சொல்லக்கூடும்.

“ஒரு மணி நேரத்தில் நிலையான பல்” என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மாவைக் குழைத்து ஓட்டையில் அப்பி, பக்கத்துப் பற்களோடு சேர்த்து இறுக வைத்துவிடுவார்கள். அடியில் சோறு தங்கும், ஈறு அழுகும், நல்ல பல்லும் ஆடும். முறையான பிரிட்ஜுக்கு அளவெடுத்து, லேபில் செய்து, பொருத்திப் பார்த்து ஒட்ட இரண்டு மூன்று தடவையாவது போக வேண்டும். சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வைத்தியம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-இல் தொடங்கியது. நமக்கு சென்ட்ரல் வரை மின்சார ரயில் இருக்கிறதே. திருவள்ளூர் பக்கத்தில் பாண்டூரிலும் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி உண்டு. கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். நேரம் பிடிக்கும், செலவு குறையும். நமக்குத்தான் நேரம் இருக்கிறதே! மருத்துவக் காப்பீட்டை நம்பி உட்கார வேண்டாம். பெரும்பாலான பாலிசிகளில் சாதாரணப் பல் வைத்தியம் கிடையாது, விபத்தில் உடைந்தால் கதை வேறு. உங்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையில் அடிபட்டுப் பல் போனால், அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், இ.எஸ்.ஐ.யில் பிறகு கேட்க அதுதான் ஆதாரம்.

பிரிட்ஜ் போட்டாயிற்று, இனிச் சொத்தை வராது என்று நினைக்காதீர்கள். பொய்ப்பல்லுக்கு வராது, கேப்புக்குள் இருக்கும் நிஜப் பல்லுக்கு வரும். கேப்பும் ஈறும் சேரும் விளிம்பில் சத்தமில்லாமல் ஆரம்பிக்கும். பொய்ப்பல்லுக்கு அடியில் சாதாரண பிரஷ் போகாது. மருந்துக் கடையில் பல் இடுக்குக்கென்று குட்டி பிரஷ் கேளுங்கள். ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிடம். நான் டி.வி. செய்தி பார்த்துக்கொண்டே செய்கிறேன், வீட்டில் திட்டு விழுகிறது.