பாட்டியின் பாய்க்கும் ஓரிடம்



புது வீடு என்றதும் நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? சாவி கைக்கு வருகிறது. பால் காய்ச்ச நல்ல நாள் பார்க்கப்படுகிறது. பொங்கிய பால் அடங்குவதற்குள் தளவாடக் கடையின் லாரி கீழே வந்து நிற்கிறது! மூவர் அமரும் சோபா, இருவர் அமரும் சோபா, ஒற்றை நாற்காலி, ஆறு பேருக்கான சாப்பாட்டு மேசை, தொலைக்காட்சிக்கு ஒரு நீள அலமாரி, கண்ணாடி போட்ட ஷோகேஸ். சோபா மின்தூக்கிக்குள் நுழையாது. நான்கு பேர் சேர்ந்து மாடிப்படி வழியாகத் தூக்கிக் கொண்டு போவார்கள். அந்த ஆறு மாடி ஏற்றத்திலாவது யாருக்கேனும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வருவதில்லை.

அசாம் ஜாவா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் வட்டாரத்து மக்களுக்கு இது புதுக் கதையல்ல. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தாமான்கள் எழுந்துவிட்டன. புஞ்சாக் ஆலாம் பக்கம் அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. 2011-இல் கோலாலம்பூர் - கோலசிலாங்கூர் விரைவுச்சாலை திறக்கப்பட்ட பின் தலைநகருக்கு வேலைக்குப் போய்வருவதும் எளிதாகிவிட்டது. தோட்டத்தில் பிறந்த பிள்ளை 30, 35 ஆண்டுக் கடனில் ஒரு வீடு வாங்குகிறான். லயன் வீட்டில் காலம் முழுக்க வாழ்ந்த பெற்றோரை அங்கே அழைத்து வருகிறான். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் மூச்சு முட்டுகிறதே, அது ஏன்?

முதலில் அளவைப் பார்ப்போம். மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடி வீடு ஒன்றின் அளவு சுமார் 700 சதுர அடி. அதற்குள் மூன்று படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அடக்கம். விலை கூடிய வீடுகளில் இன்னும் நூறு, இருநூறு சதுர அடி கிடைக்கலாம். கூடத்திற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அங்கே மேலே சொன்ன சாமான்களை இறக்கினால் ஆட்கள் பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும்.

"லயன் வீடு இதைவிடச் சின்னதுதானே? அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தோமே!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கான பதிலில்தான் விஷயமே இருக்கிறது. லயன் வீடு சின்னது. ஆனால் குடும்பம் அந்த வீட்டுக்குள் மட்டும் வாழவில்லை. அஞ்சடியில் உட்கார்ந்து பேசினார்கள். கொல்லைப்புறத்தில் அம்மியும் உரலும் கிடந்தன. சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது. விறகு, வாளி, மண்வெட்டி, கோழிக்கூடு எல்லாமே வெளியில். முருங்கையும் கறிவேப்பிலையும் பின்னால். வீட்டுக்குள் இருந்தவை ஓர் இரும்புப் பெட்டி, ஓர் அலமாரி, சாமி படம், சுருட்டி வைத்த பாய்கள், அவ்வளவே. பகலில் கூடமாக இருந்த இடம் இரவில் பாய் விரித்ததும் படுக்கையறை ஆனது.

மேல்நாட்டுப் பத்திரிகைகள் இன்று மினிமலிசம் என்று பளபளப்பான படம் போட்டுக் காட்டும் வாழ்க்கைக்கு இது ரொம்பத் தூரமில்லை. வறுமையால் வந்தது என்பதால் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வறுமையைப் புகழ்ந்து பேச இங்கே இடமில்லை. தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும் அது எத்தனை அழகு என்று!

ஆனால் ஓர் உண்மை இருக்கிறது. அடுக்குமாடிக்கு வரும் குடும்பம் இழப்பது அறைகளை அல்ல, வெளியை. வெளியில் இருந்த சாமானெல்லாம் உள்ளே வருகிறது. அதற்கு மேல் கடைச் சாமானும் வருகிறது. சிலர் செருப்பு அலமாரியையும் சைக்கிளையும் பூச்சட்டிகளையும் வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதையில் வைக்கிறார்கள். அஞ்சடிப் பழக்கம். அந்த நடைபாதை எல்லாக் குடியிருப்பாளர்களுக்கும் பொதுவான சொத்து. தீப்பிடித்தால் ஓடுவதற்கு உள்ள வழியும் அதுதான்.

ஆகவே புது வீட்டை அலங்கரிக்கக் கிளம்புபவர்கள், "எந்த நிற சோபா?" என்று தொடங்க வேண்டாம். பழைய வீட்டின் வெளிப்புறம் நமக்கு என்னென்ன செய்து கொடுத்தது என்று கேட்க வேண்டும். காற்று வாங்க இடம் கொடுத்தது. வருகிறவர் போகிறவரைப் பார்க்க வைத்தது. துணி காயப் போட, செடி வளர்க்க, பெரியவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்க இடம் தந்தது.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். புது வீடுகளில் அதிகம் வாடுவது பாட்டிமார்கள்தான். பகலில் மகன் வேலைக்கு, மருமகள் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்கு. அவருக்கென்று சோபாவில் ஓர் இருக்கை இருக்கிறது. ஆனால் அது தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருக்கிறது. சன்னலோரம் இரண்டு சாமானை எடுத்துவிட்டு, முதுகு சாயும்படி ஒரு மர நாற்காலி, பக்கத்தில் வெற்றிலைத் தட்டு வைக்க ஒரு சிறு முக்காலி, முடிந்தால் ஒரு துளசிச் செடி. இதற்கு நூறு, நூற்றைம்பது ரிங்கிட் செலவாகலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்த சோபா தராத நிம்மதியை அந்த மூலை தரும். மேற்குப் பார்த்த சன்னலாக இருந்தால் பிற்பகல் வெயில் சுடும். மெல்லிய பருத்தித் திரை ஒன்று போதும். சரிகையும் குஞ்சமும் வைத்த இரண்டு அடுக்குத் திரை காற்றைத்தான் தடுக்கும்.

சுவர்களுக்கு வருவோம். புது வீட்டுச் சுவரை உடனே மறைக்கக் கூடாது என்பதற்கு அழகைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, சட்டம் வகுத்த விற்பனை ஒப்பந்தத்தின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதம் பழுதுப் பொறுப்புக் காலம். கட்டுமானக் குறையால் விரிசலோ நீர்க்கசிவோ தெரிந்தால் எழுத்து மூலம் புகார் செய்யலாம். கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். அந்தச் சுவரில் முதல் வாரமே மேலிருந்து கீழ்வரை அலமாரி அடித்து, கூரைக்கு அலங்காரப் பூச்சும் போட்டுவிட்டால் விரிசல் யார் கண்ணில் படும்? பட்டாலும், "நீங்கள் ஆணி அடித்ததால் வந்தது" என்ற பேச்சு வராதா?

சிலாங்கூரின் இன்னொரு மூலையில் நடந்ததை நம் மக்கள் மறந்திருக்க முடியாது. 1990-களில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், மேடிங்லி, கேலோவே, செட்ஜ்லி என்ற நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. அந்தக் கட்டடங்களில் விரிசல் கண்டது. தரை வீடு கேட்டு அவர்கள் நடத்திய போராட்டம் இருபது ஆண்டுகளையும் தாண்டியது. எல்லா அடுக்குமாடியும் அப்படித்தான் என்று பொருளல்ல. ஆனால் பட்ட கஷ்டத்திலிருந்து ஒரு பாடம் எடுக்கலாமே! முதல் இரண்டு மழைக்காலம் சுவர்கள் வெறுமையாக இருக்கட்டும். கண்ணுக்கும் ஓய்வு, வீட்டுக்கும் பரிசோதனை.

தவணைக்காரர்களுக்கும் அதே ஓய்வைக் கொடுக்கலாம். வீட்டுக் கடன், பராமரிப்புக் கட்டணம், கார் கடன் எல்லாம் போக, தளவாடத்துக்கும் மாதாமாதம் ஒரு தொகை கட்டுகிற வீட்டில், எத்தனை மெத்தை போட்டாலும் தூக்கம் வராது.

சரி, பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா? ஜப்பானின் மாரி கொண்டோ வெளியிட்ட புத்தகம் உலகமெங்கும் விற்றது. ஒரு பொருளைக் கையில் எடுங்கள், மனம் மகிழ்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நன்றி சொல்லி விடை கொடுங்கள் என்பது அவர் வழி. துணிமணிக்கு நல்ல யோசனை. ஆனால் தாத்தாவின் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தால் மகிழ்ச்சியா வரும்? விடியற்காலைப் பெரட்டும் கொசுக்கடியும்தான் நினைவுக்கு வரும். இருந்தாலும் அது வீட்டில் இருக்க வேண்டிய பொருள். இருபது சட்டங்களில் குடும்பப் படங்களை நெருக்கி மாட்டுவதைவிட, ஒரு சுவரில் தாத்தா பாட்டி படம் ஒன்று, அதன் கீழே அந்தக் கத்தி. வருகிறவர் கேட்பார். பேரப்பிள்ளை பதில் சொல்வான். வேறு எந்த வீட்டிலும் இல்லாத அலங்காரம் அது.

அம்மிக்கும் உரலுக்கும் ஒரு வார்த்தை. தரையில் வைத்து இடித்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். அம்மியைத் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் பால்கனியில் வைத்து, எப்போதாவது அரைக்கலாம். உரலைத் தரை வீட்டில் இருக்கும் உறவினருக்குக் கொடுத்துவிடலாம். சாமி மேடை சிறியதாக இருந்தால் போதும். விளக்குக்கு மேலேயும் பக்கத்திலும் திரைச்சீலை இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைக் கொடுப்பது, எதை வைப்பது என்பதை மாமியார் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து மருமகள் முடிவு செய்தால் வீடு சுத்தமாகும், அமைதி போய்விடும்! இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் முடியாது. பெரியவர் "இது இருக்கட்டும்" என்றால் இருக்கட்டும்.

"தீபாவளிக்கு நாலு பேர் வந்தால் எங்கே உட்கார வைப்பது?" இந்தக் கேள்வி எப்படியும் வரும். ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் வருகிற விருந்தாளிக்காக மற்ற நாளெல்லாம் இடுக்கில் வாழ்வதா? மடக்கு நாற்காலி ஆறு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். நல்ல கோரைப்பாய் இரண்டு சுருட்டி அலமாரி மேல் வைக்கலாம். சோபா செட்டில் ஆறு பேர் உட்காரலாம். அதை எடுத்த இடத்தில் பாய் விரித்தால் பதினைந்து பேர் உட்கார்ந்து முறுக்கு கடிக்கலாம்.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் மூன்று மாதம் ஒன்றும் வாங்காமல், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, படுக்கை, பாட்டியின் நாற்காலி, பிள்ளைகள் படிக்க ஒரு மேசை ஆகியவற்றோடு மட்டும் இருந்து பார்க்கட்டும். சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டி, உண்மையிலேயே எது இல்லாமல் சிரமப்பட்டோம் என்று அன்றன்றைக்கு எழுதி வரட்டும். மூன்றாம் மாதச் சம்பளத்தன்று அந்தத் தாளோடு கடைக்குப் போகலாம்.